மேளம் நின்ற நான்கு நிமிடங்கள்

டீஜே வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களில் யாரைக் கண்டாலும், கிளிநொச்சி மண்டபத்தில் நெருப்புப் பிடித்த கதையைச் சொல்லும்படி கேட்கிறீர்கள். எந்த மென்பொருள் வைத்திருந்தேன், எந்தப் பொத்தானை அழுத்தினேன் என்று குறித்துக்கொள்கிறீர்கள். நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். சொன்னபோதெல்லாம் ஒரு பகுதியை விட்டுவிட்டுத்தான் சொன்னேன். காது இரைச்சல் கூடி, வைத்தியர் இனி இந்த வேலை வேண்டாம் என்று சொல்ல, ஸ்பீக்கர்களை விற்றுவிட்டு வீட்டில் இருக்கிற ஆள் நான். மறைத்து வைத்து எனக்கு இனி ஆவதற்கு ஒன்றும் இல்லை. இந்த முறை முழுவதையும் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு சிறிய அவமானத்தைச் சொல்ல வேண்டும்.

பாட்டை இணையத்திலிருந்து நேராக எடுத்துப் போடுகிற காலம் வந்தது. அதன் பின்னால், ஓடிக்கொண்டிருக்கிற பாட்டையே குரல் வேறு, மேளம் வேறு, மற்ற வாத்தியங்கள் வேறு என்று பிரிக்கிற வசதியும் வந்தது. நீங்கள் ‘ஸ்டெம்’ என்று சொல்கிற அதே சங்கதிதான். எங்கள் பக்கத்தில் அதை முதலில் கையில் எடுத்தவர்களில் நானும் ஒருவன். முல்லைத்தீவில் ஒரு பிறந்தநாள் விழா. ஐம்பது அறுபது பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் நன்றாகச் சூடேறிய நேரம் என் கை சும்மா இருக்கவில்லை. மேளத்தை ஒரேயடியாக எடுத்துவிட்டேன். குரல் மட்டும் தனியாக மிதந்து வரும், எல்லோரும் வாயைப் பிளப்பார்கள் என்பது என் எண்ணம்.

நடந்தது வேறு. ஆடியவர்களின் கால்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனார். பதறிப்போய் மேளத்தைத் திரும்பப் போடப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து இணையம் அறுந்து பாட்டே நின்றுவிட்டது. முழுப் பாட்டும் இறங்கி முடிவதற்கு முன்பே அதைப் பிரித்து விளையாடத் தொடங்கியிருந்தேன். பிறந்தநாள் பிள்ளையின் தகப்பன் என் மேசைக்கு வந்து, சனத்தை வீட்டுக்கு அனுப்புவதற்கா உம்மைக் கூப்பிட்டோம் என்று கேட்டார்.

அன்றிலிருந்து, பாட்டு முழுவதாக இறங்கி முடியும்வரை அதில் கை வைத்ததில்லை. மேளத்தோடும் விளையாடியதில்லை. சனத்தின் கால் மேளத்தில்தான் இருக்கிறது, அதை எடுத்தால் கூட்டம் கலைந்துவிடும் என்று எனக்கு நானே எச்சரித்துக்கொண்டு திரிந்தேன்.

இனி அந்தக் கல்யாணம்.

பெண் வீட்டார் உருத்திரபுரத்தில் வயல் செய்கிறவர்கள். மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து வந்தவர். கிளிநொச்சியில், கண்டி வீதிக்கு அருகே உள்ள ஒரு மண்டபம். மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணி இருக்கும். முந்நூறு பேருக்குக் குறையாது. குளிரூட்டி போட்ட மண்டபம் என்பதால் யன்னல்கள் எல்லாம் பூட்டி, தடித்த திரை போட்டிருந்தார்கள். வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே லைட்டை அணைத்தால் கும்மிருட்டு. முன் வாசலுக்கு இரட்டைக் கதவு. குளிர் வெளியே போகாமல் அதில் ஒன்றைக் கொண்டி போட்டு வைத்திருந்தார்கள்.

மேடையின் பின்பக்கம் முழுவதும் சோடனை. ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பலகையில் வெட்டிய பூக்கள், அவற்றுக்குப் பின்னால் நைலோன் சீலை, சீலைக்குப் பின்னால் வரிசையாக லைட்டுகள். என் மேசை மேடையின் இடது பக்கத்தில் சிறிய பலகைத் தட்டின் மேல் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் சோடனைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய இடைவெளி தெரியும். மண்டபத்தில் வேறு எவருக்கும் அது தெரியாது. சனம் முழுவதும் சோடனையின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முன்னால் நாற்பது பேர் வரை ஆடிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் கேட்ட பாட்டு அது, என்னிடம் இருக்கவில்லை. இணையத்திலிருந்து எடுத்துப் போட்டிருந்தேன். அது முழுவதாக இறங்கி முடிந்ததைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, இடைவெளிக்குள் ஒரு மஞ்சள் நிறம் ஆடியது. முதலில் லைட் என்று நினைத்தேன். பிறகு சீலை உருகிச் சொட்டுவதைக் கண்டேன்.

அதே நேரம் மேடையின் பக்கவாட்டிலிருந்து ராமையா வந்தார். மண்டபத்தின் கரண்ட் வேலை முழுவதையும் பார்க்கிறவர். அவருடைய குடும்பம் மலையகத்திலிருந்து இங்கே வந்து குடியேறியது. எத்தனையோ கல்யாணங்களில் எனக்கு வயர் இழுத்துத் தந்த மனிதர். ஓடி வரவில்லை, வேகமாக நடந்து வந்தார். அதற்காக இன்றுவரை அவரை மெச்சுகிறேன். என் காதுக்குள் சொன்னார்.

"அண்ணே, வயர் மூட்டுல பொறி பறந்து பின்னாடி சீலை பத்திக்கிச்சு. மெயினை அடிச்சிரவா?"

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வயர் மூட்டில்தான் நெருப்பு. கரண்ட் போய்க்கொண்டிருக்கும்வரை அது எரியும். சோடனை லைட்டுகளை மட்டும் தனியாக அணைக்க வழியில்லை, எல்லாம் ஒரே சுவிட்ச் பலகையிலிருந்து இழுத்தது. மெயினை அடித்தால் பாட்டு நிற்கும், மைக் சாகும், மண்டபம் இருண்டுபோகும். அந்த இருட்டுக்குள் சீலைக்குப் பின்னால் நெருப்பு மட்டும் தெரியும். முந்நூறு பேருக்கு ஒரு ஒற்றைக் கதவு.

அங்கே இருந்தவர்களில் யுத்தம் கண்ட, முப்பது வயதைத் தாண்டிய எவருக்கும் ஓடுவதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஒரு சத்தம் சடாரென்று நின்றால், அடுத்தது என்ன வரும் என்று காத்திருந்து பழகிய சனம் எங்கள் சனம். ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் மண்டபமே ஓடும். கதவடியில் என்ன நடக்கும் என்று எனக்குக் கண்ணுக்குள் தெரிந்தது.

"பொறும் ராமையா," என்றேன். "சனம் வெளியாலை போகட்டும். நான் கை காட்டின பிறகு அடியும்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு திரும்பி, மெயின் பெட்டி இருக்கிற மேடையோரத்துக்குப் போய் நின்றார். நெருப்புக்கும் அவருக்கும் நடுவே பத்தடி இருக்குமோ என்னவோ.

நான் மேளத்தில் கை வைத்தேன். முல்லைத்தீவில் செய்ததுபோல ஒரேயடியாக அல்ல. மெதுவாக, கூட்டத்துக்குத் தெரியாமல் இறக்கினேன். பிறகு அடித்தொனியை. பிறகு குரலை. கடைசியில் வயலினும் அதன் கீழே மெல்லிய புல்லாங்குழலும் மட்டும் மிஞ்சின. ஆடியவர்களின் கால்கள் சோர்ந்தன. யாருக்கும் ஏன் என்று தெரியவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்துக் கதைக்கத் தொடங்கினார்கள். என்னை ஒரு காலத்தில் வெட்கப்படுத்தியது அன்று நான் நினைத்தபடியே நடந்தது.

மைக்கை எடுத்தேன். குரல் நடுங்கக்கூடாது என்பதற்காக மேசை விளிம்பை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அன்பான உறவுகளே, இப்ப எல்லாரையும் சேத்து முன்வளவிலை ஒரு ட்ரோன் படம் எடுக்கப் போறம். வயது போன ஆக்களும் பிள்ளையள் வச்சிருக்கிற அம்மாமாரும் முதல் போங்கோ. பொண்ணு மாப்பிளை கடைசியா வருவினம். ஆறுதலா நடந்து போங்கோ, நேரம் இருக்கு."

பொய்தான். படக்காரர் காலையில் ட்ரோன் பறக்கவிட்டிருந்தார், அதனால்தான் அது என் வாயில் வந்தது. அவர் என்னிடம் ஓடி வந்து, அதில் பற்றரி இல்லையே என்று கையைப் பிசைந்தார். மைக்கை மூடிக்கொண்டு மேடைப் பக்கம் கண்ணைக் காட்டினேன். பார்த்தார். முகம் வெளிறியது. ஆனால் கெட்டிக்காரர். கமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாங்கோ வாங்கோ என்று கூப்பிட்டபடி சனத்துக்கு முன்னால் நடந்தார்.

முதல் வரிசைகள் எழுந்தன. பின்பக்கத்தில் சிலர் அசையவில்லை. இந்த வெயிலுக்குள் என்ன படம் என்று ஒருவர் அலுத்துக்கொண்டது எனக்குக் கேட்டது. அந்த இடத்தில்தான் ஒரு பெண்ணைக் கவனித்தேன். தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். எல்லோரும் வாசலைப் பார்த்தபோது அவள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையை மெதுவாக அசைத்தேன். அவள் எழுந்து, பக்கத்தில் இருந்த இரண்டு கிழவிகளைக் கையைப் பிடித்து எழுப்பி, வாசலடிக்குப் போய், கொண்டி போட்டிருந்த மற்றக் கதவையும் திறந்துவிட்டாள். மண்டபத்துக்குள் வெயில் விழுந்தது. அதற்குப் பிறகு சனம் தண்ணீர்போல வெளியே வழிந்தது.

எல்லாம் முடிந்த பிறகு என்னைத் தேடி வந்து அவள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "மேளம் இறங்கின விதம் சரியில்லை எண்டு நினைச்சன். நிமிந்து பாத்தா உங்கட முகமும் சரியில்லை."

பாட்டு முடிய இன்னும் ஒரு நிமிடம்தான் இருந்தது. அடுத்த பாட்டைத் தேடி அழுத்தினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கல்யாணத்தை வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரடியாகக் காட்டுவதற்கு அத்தனை பேரும் தொலைபேசியைத் தூக்கி வைத்திருந்தார்கள், இணையம் எங்கே கிடைக்கும்? பாட்டு நின்று அந்த இடம் அமைதியானால், பின்னால் ரெஜிபோம் வெடிக்கிற சத்தம் கேட்டுவிடும். எனக்கு அது ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தது. கையில் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். வயலின் வருகிற எட்டுத் தாளத்தட்டை மட்டும் பிடித்து, அதையே திரும்பத் திரும்பச் சுற்ற விட்டேன். ஒரே அடி. இருபது தடவையாவது சுற்றியிருக்கும். ஒருவரும் கவனிக்கவில்லை.

பெண்ணின் தகப்பனார் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் என்னிடம் வந்தார். கோபத்தில் சால்வை தோளிலிருந்து சரிந்திருந்தது. "தம்பி, ஆரைக் கேட்டு இந்த அறிவிப்புச் சொன்னனீர்? வந்த சனத்தை வெயிலுக்கை நிப்பாட்டுறதோ?"

இவரிடம் பொய் சொன்னால் நின்று வாதாடுவார். உண்மையைச் சொன்னால் கத்துவாரோ என்று பயம். மேடையில் அவருடைய மகள் இருக்கிறாள். நெருப்பு அவளுடைய கதிரைக்குப் பின்னால். இரண்டு விநாடி யோசித்தேன், பிறகு குனிந்து அவருடைய காதுக்குள் சொன்னேன்.

"ஐயா, சத்தம் போடாதேங்கோ. மேடைக்குப் பின்னாலை நெருப்பு. பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நடந்து போங்கோ. நீங்கள் ஓடினா எல்லாரும் ஓடுவினம்."

அந்த மனிதர் சால்வையை எடுத்துச் சரியாகத் தோளில் போட்டார். மேடைப் படியில் ஏறி, மகளைப் பார்த்துச் சிரித்து, கையை நீட்டினார். மகளையும் மருமகனையும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, காலையில் மணவறைக்கு நடந்த அதே நடையில், முழு மண்டபத்தையும் கடந்து போனார். அவருடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது எனக்கு மட்டும் தெரியும்.

அவர்கள் வாசலைத் தாண்டவும் சோடனையின் மேல் விளிம்பில் புகை எட்டிப் பார்க்கவும் சரியாக இருந்தது. கடைசியாக இருந்த பத்துப் பதினைந்து பேர் அதைக் கண்டு ஓடினார்கள். அப்போது ஓடுவதற்கு இடம் இருந்தது. கதிரைகள் மட்டும் விழுந்தன.

நான் ராமையாவைப் பார்த்துக் கையை உயர்த்தினேன்.

அவர் மெயினை அடிக்கவில்லை.

மீண்டும் காட்டினேன். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவர் என் பக்கம்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, மேடையோரமாகப் பின்னால் போகிற நடைபாதை ஓடைக்குள், புகைக்குள் போய் மறைந்தார். ஸ்பீக்கரில் வயலின் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் நின்றேன். போவதா, கூப்பிடுவதா, மெயினை நானே போய் அடிப்பதா என்று தெரியாமல் நின்றேன். ஒரு நிமிடம் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். பிறகு டக் என்று எல்லாம் அணைந்தது. மடிக்கணினியின் திரை மட்டும் ஒளிர்ந்தது. அதையும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

கரண்ட் நின்ற பிறகு, முன்வளவில் நின்ற ஆட்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி நெருப்பை அணைத்தார்கள். மேடை எரிந்து போனது. சனத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ராமையாவுக்கு மட்டும் இரண்டு கையும் முழங்கைவரை வெந்திருந்தது. உருகிய நைலோன் தோலோடு ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்த நாட்களில் நடந்ததை நீங்களே அறிவீர்கள். யாரோ எடுத்த காணொளி பரவியது. பெண்ணின் தகப்பனார் போகிற இடமெல்லாம் என்னைப் புகழ்ந்தார். உங்களில் பலர் அப்போதுதான் என்னைத் தேடி வந்து மேளத்தை எப்படி இறக்கினேன் என்று கேட்டீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது, அதை மறுக்க மாட்டேன். ராமையாவின் கையைப் பற்றி யாராவது கேட்டால், புகைக்குள் என் கை அவருக்குத் தெரியாமல் போய்விட்டது, பாவம் என்று சொல்வேன்.

ஆனால் இராத்திரியில் படுத்தால் வேறு கணக்கு ஓடும். வந்து கேட்டவுடன் மெயினை அடிக்க விட்டிருந்தால் அவருடைய கை தப்பியிருக்கும். பொறும் என்று சொன்னது நான். அவரைப் பார்க்கப் போக எனக்கு மூன்று வாரம் எடுத்தது. மோட்டார்சைக்கிளை எடுத்துப் பாதி வழி போய்த் திரும்பியும் வந்திருக்கிறேன்.

கடைசியில் ஒரு நாள் காலையில் போனேன். வாய்க்கால் கரையோரமாக ஒரு சின்னக் கல்வீடு. ராமையா முற்றத்துக் கதிரையில் இரண்டு கையிலும் கட்டோடு இருந்தார். மனைவி பவளம் அவருக்கு இடியப்பத்தைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் இருக்கச் சொல்லியும் கேளாமல் நான் நின்றபடியே, யோசித்து வைத்திருந்த எல்லாவற்றையும் சொன்னேன். என்னால்தான் உமக்கு இப்படி ஆனது, நான் சொன்னதைக் கேட்டு நின்றதால்தான், என் கை புகையில் தெரியாமல் போனதால்தான் என்று.

அவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார். "கை காட்டினது நல்லாத் தெரிஞ்சிச்சு அண்ணே. நீங்க சொல்லி நான் நிக்கல. இவளும் இன்னும் மூணு பொம்பளைங்களும் மேடைக்குப் பின்னால குசினியில பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தாங்க. வெளிக்கதவ மறிச்சு பாத்திர லொறி நின்னுச்சு. லைட்ட அணைச்சா அந்த ஓடையில எப்படி வருவாங்க? எரியிற சீலைய கையால பிடிச்சு ஒதுக்கி வெச்சுக்கிட்டு, நாலு பேரையும் வெளிய விட்டுட்டுத்தான் அடிச்சேன்."

நான் அப்போதுதான் கதிரையில் போய் அமர்ந்தேன். சுவருக்குப் பின்னால் குசினி, சமையற்கட்டு, ஒன்று இருப்பதே அன்று என் நினைவில் வரவில்லை. அறிவித்தேனே, அது கேட்கவில்லையா என்று பவளத்திடம் கேட்டேன். அவள் இடியப்பக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் பேச்சு எங்க கேக்குது அண்ணே? பாட்டும் கேக்காது. மேளம் மட்டுந்தான் தும் தும்முன்னு வரும். அன்னைக்கு அது நின்னுச்சு. சரி, ஆட்டம் முடிஞ்சிருச்சு, கழுவ இன்னும் தட்டு வரும்னு சொல்லி, அடுத்த அண்டாவ இழுத்துப் போட்டு ஒக்காந்தோம்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். மண்டபத்துக்குள் முந்நூறு பேரை ஆறுதலாக நடக்க வைப்பதற்காக நான் எடுத்துவிட்டது, அந்த நான்கு பேருக்கும் கேட்டுக்கொண்டிருந்த ஒரே சத்தத்தை.

திரும்பவும் அப்படி ஒரு நாள் வந்தால் மேளத்தைத்தான் முதலில் இறக்குவேன். அது பிழை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பாட்டைக் கூறுபோடத் தெரிந்த எனக்கு, எந்தக் கூறு யாருக்குப் போய்ச் சேருகிறது என்று தெரிந்திருக்கவில்லை. என் கண்ணுக்கு முன்னால் இருந்தவர்களைத்தான் நான் சனம் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு வேலையில் இருந்த கொஞ்சக் காலமும், எந்த மண்டபத்துக்குப் போனாலும் பெட்டிகளைத் திறக்க முன்னர் பின்பக்கம் போய், குசினியில் யார் யார், ஒன்று நடந்தால் எந்த வழியால் வருவீர்கள் என்று கேட்டுவிட்டு வருவேன். டீஜேக்குப் பசி வந்துவிட்டது என்று சிரிப்பார்கள்.

பொத்தான் எது என்று கேட்டால் இன்றைக்கும் காட்டித் தருவேன், ஐந்து நிமிட வேலை. நான் சொல்லாமல் விட்ட பகுதி இதுதான். ராமையாவின் இடது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்காது. அன்று சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் பவளம், லெட்சுமி, யோகம், மேரி. இந்தக் கதையை இதற்கு முன் நான் சொன்ன ஒரு தடவைகூட இவர்கள் நான்கு பேரும் அதற்குள் இருக்கவில்லை.